ஃபோனீம் என்றால் ஒலியனா, ஒலியா?

எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் செய்பவர்கள் முதலில் தயாரிப்பது ஓர் ஒலிப் பட்டியல். அதைப் பலரும் ‘ஃபோனீம் பட்டியல்’ என்கிறார்கள். தமிழில் எழுதும்போது அகராதியைப் பார்த்து ‘ஒலியன் பட்டியல்’ ஆக்கிவிடுகிறோம். சொல் சரிதான், இடம்தான் சரியில்லை.

ஒலி, குரல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லே மூலம். 1873இல் பாரிசில் துஃப்ரிஷ்-தெழ்னெத் என்பவர் ‘ஃபோனேம்’ என்ற பிரெஞ்சு வடிவத்தை முன்வைத்தார். அவர் நினைத்தது வெறும் பேச்சொலியைத்தான். ரஷ்யாவின் கசான் நகரில் பணியாற்றிய மொழியியலாளர் போதுவான் தெ கூர்த்தனேயும் அவர் மாணவர் குருஷெவ்ஸ்கியும்தான் அச்சொல்லை இன்றைய பொருளின் பக்கம் திருப்பினார்கள். இன்றைய பொருளில் ஃபோனீம் என்பது பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகு. வலி, வழி, வளி மூன்றும் வேறு வேறு சொற்கள். ஆகவே ல, ழ, ள மூன்று ஒலியன்கள்.

‘ஒலியன்’ என்றதும் ஒலியை ஆணாக்கிவிட்டார்களா என்று சிரிப்பவர்கள் உண்டு. விரியன் பாம்பிலும், நண்டைக் குறிக்கும் அலவனிலும் இதே ‘அன்’ இருக்கிறதே! பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறான மார்ஃபீமுக்கு உருபன் என்பதும் இதே அச்சில் வார்த்ததுதான். ‘எழுத்து’ என்றே சொல்லலாமே என்றால், தொல்காப்பியம் அச்சொல்லை ஒலிக்கும் சேர்த்தே ஆண்டது உண்மைதான். இன்று அது வரிவடிவத்தோடு ஒட்டிப்போய்விட்டது. எனக்கு ஒலியனே பிடிக்கிறது.

அப்புறம் மென்பொருளுக்கு வருவோம். கண், தங்கம், அகம் மூன்றையும் சொல்லிப் பாருங்கள். முதல் க ஒலிப்பிலா வெடிப்பொலி, அதாவது குரல்நாண் அதிராமல் வெடித்து வருவது. தங்கத்தில் ங-வின் துணையால் அது குரல்நாண் அதிரும் ஒலிப்புடையதாகிறது. அகத்தில் தொண்டைப் பக்கம் தளர்ந்து உரசொலி போல வருகிறது. மூன்றும் ஒரே ஒலியனின் மாற்றொலிகள்; அதாவது இடத்துக்கேற்ப மாறினாலும் பொருளை மாற்றாத வடிவங்கள். ஆனால் மூன்றுக்கும் ஒரே ஒலித்துணுக்கைக் கொடுத்தால், ‘தங்கம்’ கேட்கவே சகிக்காது. ஆகவே பட்டியலில் மூன்றும் தனித்தனி வரிசையாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வரிசைக்கும் அந்த ஒலியின் தன்மைகள், அதாவது கூறுகள், எழுதப்படும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான, எழுத்தைப் பேச்சாக்கும் ஃபெஸ்டிவல் மென்பொருளின் வழக்கமான ஆங்கிலப் பட்டியலில் அவை எட்டு: உயிரா மெய்யா, உயிரின் நீளம், நாவின் உயரம், முன்-பின், இதழ் குவிவு, மெய்யின் வகை, அது வாயில் பிறக்கும் இடம், ஒலிப்பு. ‘அடுத்து வருவது மூக்கொலியா?’ என்று கேட்க முடிந்தால், மென்பொருளைப் பழக்கிய குரல்பதிவில் வராத ஒலிச் சேர்க்கைக்கும் ஒலியின் கால அளவை ஊகிக்கலாம். கூறுகளின் பயன் அதுதான்.

இக்கூறுகளில் சில நமக்குப் புதிதல்ல. ஒலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியல் உயிர்களை அங்காப்பு (வாய் திறப்பு), நா விளிம்பு பல்லை உறுதல், இதழ் குவிவு என மூன்றாகப் பிரித்துவிட்டது. இ-க்கும் எ-க்கும், உ-க்கும் ஒ-க்கும் உள்ள நாவின் உயர வேறுபாட்டைத்தான் நாம் சேர்க்க வேண்டும். வல்லினத்தில் ஒலிப்புடைமையையும்தான்.

ஃபெஸ்டிவல் தன் பட்டியலை ‘ஃபோன்செட்’ என்றே அழைக்கிறது, ஃபோனீம் என்று அல்ல. இங்கே ஃபோன் என்பது பேச்சொலி. அதைத் தமிழில் ‘ஒலித்தொகுதி’ எனலாம்; ஒலியன், மாற்றொலி இரண்டையும் மொழியியலுக்கு விட்டுவிடலாம். வேடிக்கை என்னவென்றால், மென்பொருள்காரர்கள் ஃபோனீம் என்று தவறாகச் சொல்லும்போதுகூட, 1873இன் பொருளுக்குத்தான் நெருக்கமாக நிற்கிறார்கள்.