பங்குதாரரா, தோழமை நிறுவனமா?

இசைத்துறை ஆளுங்களோட மனநலத்துக்கு உதவுற தொண்டு அமைப்புகளைப் பத்தி தமிழ்ல எது வந்தாலும் அதுல இந்த வார்த்தை வந்துடுது, "பெருநிறுவனப் பங்குதாரர்". ஒரு ஹெட்ஃபோன் கம்பெனியோ ஸ்ட்ரீமிங் கம்பெனியோ வருஷா வருஷம் பணம் குடுத்து, ஆள் குடுத்து, தன் பேரையும் கூட சேர்த்து நின்னா இங்கிலீஷ்ல கார்ப்பரேட் பார்ட்னர்ங்கறாங்க, அதை நம்ம மொழிபெயர்ப்பாளருங்க கண்ணை மூடிட்டு பங்குதாரர்னு போட்டுடறாங்க. அர்த்தத்தையே கவுத்துப் போடுற தப்பு இது.

பங்குன்னா கூறு. தார் பாரசீகத்துல இருந்து வந்த ஒட்டு, வச்சிருக்கறவர்னு அர்த்தம், ஜமீன்தார் தாசில்தார்ல இருக்கறதேதான். பார்ட்னர்ங்கற இங்கிலீஷ் சொல்லும் கிட்டத்தட்ட இங்கேயேதான் கிளம்புச்சு, பிரிக்கறதைக் குறிக்கற லத்தீன் சொல்லு பழைய பிரெஞ்சு வழியா "கூட்டு வாரிசு"ங்கற பொருள்ல உள்ள வந்தது, அப்படியே நம்ம பங்காளி. ஆனா அப்பறம் அது டான்ஸ் பார்ட்னர், டென்னிஸ் பார்ட்னர்னு எங்கெங்கயோ போயிடுச்சு, அங்கல்லாம் யாரும் சொத்து பிரிக்கறதில்ல. நம்ம பங்குதாரர் இன்னும் லாபத்தை விட்டு நகரல. 1932 இந்தியக் கூட்டாண்மைச் சட்டமும் லாபத்தைப் பகிர்ந்துக்க ஒத்துக்கிட்டவங்களுக்குள்ள இருக்கற உறவுன்னுதான் வரையறுக்குது. தொண்டு அமைப்புல லாபம் பிரிக்கவே கூடாது, அப்ப அங்க பங்குதாரர் எங்கேர்ந்து வந்தார்?

கிராமி விருது குடுக்கற ரெக்கார்டிங் அகாடமி 1989ல ஆரம்பிச்ச தொண்டு அமைப்பு மியூசிகேர்ஸ். 2020ல கொரோனாவுல கச்சேரி எல்லாம் நின்னப்ப பாட்டு ஸ்ட்ரீமிங் கம்பெனி ஸ்பாட்டிஃபை ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, மக்கள் குடுக்கற ஒவ்வொரு டாலருக்கும் தானும் ஒரு டாலர், மொத்தம் 1 கோடி டாலர் வரைக்கும். மியூசிகேர்ஸ், பிரிட்டனோட ஹெல்ப் மியூசிஷியன்ஸ் மாதிரி அமைப்புகளுக்கு அந்தப் பணம் போச்சு. இதை "மியூசிகேர்ஸின் பங்குதாரர் ஸ்பாட்டிஃபை"ன்னு எழுதினா படிக்கறவன் என்ன நினைப்பான்? மியூசிகேர்ஸ்ல ஒரு பகுதி ஸ்பாட்டிஃபைக்குச் சொந்தம்னுதானே? இதே துறையில நிஜமான பங்குதாரர்களும் இருக்காங்க, பாட்டு வெளியிடற வார்னர் மியூசிக் கம்பெனி கையில ஸ்பாட்டிஃபை பங்கு இருந்துச்சு, 2018ல எல்லாத்தையும் வித்துச்சு. ரெண்டு சேதியும் ஒரே கட்டுரையில வந்தா ஒரே சொல்லு ரெண்டு இடத்துல ரெண்டு அர்த்தத்துல நிக்கும். பத்தாததுக்கு ஸ்டேக்ஹோல்டர், அதாவது ஒரு காரியத்தால நல்லது கெட்டது வர்றவர், அப்படின்னு வந்தாலும் பங்குதாரர்னே போடறாங்க. ஷேர் வச்சிருக்கறவர், தொண்டுக்குப் பணம் குடுக்கறவர், அந்தத் தொண்டால பிழைக்கறவர், மூணு பேருக்கும் ஒரே பேரு!

சரி, தூய தமிழ்ல எழுதறேன்னு சிலர் "புரவலர்"ங்கறாங்க. அழகான சொல்தான், புரத்தல்னா காப்பாத்தறது, அதுவும் பாணரும் பொருநரும் யாழோட போய் பாடி பரிசில் வாங்கின காலத்துச் சொல்லு, இசைக்காரங்க கதைக்கு இதைவிடப் பொருத்தம் ஏதுன்னு தோணும். ஆனா புரவலர்னு ஒருத்தர் இருந்தா எதிர்ல இரவலர்னு, கேட்டு வாங்கறவர் ஒருத்தர் நிக்கணும், புறநானூறே அப்படித்தான் ஜோடியா சொல்லுது. வாங்கறவர் பாடணும், குடுத்தவர் புகழ் பரவணும். இன்னிக்கு மனநல உதவி அப்படி நடந்தா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. ஹெல்ப் மியூசிஷியன்ஸ் 2017ல தொடங்கின மியூசிக் மைண்ட்ஸ் மேட்டர் உதவி எண் 24 மணி நேரமும் ஓடறது, கச்சேரி முடிஞ்சு சாமானெல்லாம் வண்டியில ஏத்தி ஆள் தனியா ஆகறப்ப ராத்திரி 2 மணி ஆயிடும், அப்ப பேச ஒரு குரல் வேணும். அந்தப் பேச்சு வெளிய போகாதுங்கற நம்பிக்கைதான் மொத்த ஏற்பாட்டோட உயிர். பணம் குடுக்கற கம்பெனி சில சமயம் அந்த ஆளோட ஒப்பந்தக் கம்பெனியாவே இருக்கலாம், அவங்களைப் புரவலர்னு உசத்தி வச்சா கூப்பிடறவனுக்குத் தயக்கம் வராதா?

இலங்கைத் தமிழ்ல ஸ்பான்சருக்கு "அனுசரணையாளர்"னு ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கு. நல்ல சொல்லு, ஒரு கச்சேரிக்குப் பணம் குடுத்து பேனர்ல பேர் போட்டுக்கறவருக்கு அதுவே சரி. கூட இருந்து வேலை செய்யறவருக்கு அது குறையும்.

என் தீர்ப்பு "தோழமை நிறுவனம்". தோழமைக் கட்சின்னு தினமும் பேப்பர்ல படிக்கறோம், யாருக்கும் விளக்க வேண்டியதில்ல: கொடி வேற, கணக்கு வேற, ஒரு காரியத்துக்காகச் சேர்ந்து நிக்கறாங்க, ஒத்து வரலைன்னா பிரிஞ்சு போலாம். கார்ப்பரேட் பார்ட்னர்ஷிப் அச்சு அசலா இதுதான். அரசியல் வாடை அடிக்குதுன்னு சொல்றவங்களுக்கு, தோழமை அரசியலுக்கு முன்னாடியே இருந்த சொல்லு. சட்டத்துல நிக்குமான்னு கேட்டா, சட்டக் காகிதத்துல எந்த உறவுன்னு பிரிச்சே எழுதணும். இங்கிலாந்துல 1992 அறக்கொடைச் சட்டப்படி, "இதை வாங்கினா தொண்டுக்குப் போகும்"னு விளம்பரம் பண்ற கம்பெனி எழுத்துல ஒப்பந்தம் போடணும், எவ்வளவு போகும்னு வாங்கறவருக்குச் சொல்லணும். அங்கயே பொத்தாம் பொதுவா பார்ட்னர்னு விட்டுடல.

இன்னொன்னும் மனசை உறுத்துது. மியூசிக் புரொஃபஷனல்ஸ்னு வந்தா "இசைக் கலைஞர்கள்"னு எழுதிடறாங்க. வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம் ஹெல்ப் மியூசிஷியன்ஸுக்காக 2016ல பண்ண ஆய்வுல பதில் சொன்ன 2,211 பேர்ல 71 சதவீதம் பேர் கடும் பதற்றம் இருந்ததா சொன்னாங்க, அந்த 2,211 பேரும் மேடையில பாடறவங்க இல்ல, துறையில வேற வேலை பாக்கறவங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவுல 1997ல தொடங்கின சப்போர்ட் ஆக்ட், அமெரிக்காவுல 2019ல வந்த பேக்லைன், இந்த ரெண்டு உதவி அமைப்புமே சவுண்ட் போடறவர், லைட் கட்டறவர், டூர் மேனேஜர் எல்லாரையும் சேர்த்துக்குது. "இசைத்துறையினர்"னு எழுத என்ன கஷ்டம்? "இசைக் கலைஞர்களுக்கான உதவி எண்"னு போட்டிருந்தா, ராத்திரி மேடைக்குப் பின்னாடி கேபிள் சுத்திட்டு இருக்கறவர் அதைப் படிச்சுட்டு, நமக்கில்லன்னு தாண்டிப் போயிடுவார்.