மூன்றாவது வாரத்தில் யார் வருவார்கள்?

பயிலரங்கு முடிந்த மாலையில் பேராசிரியர்கள் உற்சாகமாகத்தான் கிளம்புகிறார்கள். மாணவர்களைக் குழுவாகப் பேச வைப்பது எப்படி, பாடத்தை முன்கூட்டியே வீடியோவாகக் கொடுத்துவிட்டு வகுப்பு நேரத்தைக் கணக்குப் போட ஒதுக்குவது எப்படி என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருப்பார்கள். கருத்துப் படிவத்தில் 'மிகவும் பயனுள்ளது' என்று டிக் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அடுத்த வாரம் வகுப்பில் ஒன்றை முயன்று பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் கொஞ்சம் இடறும். மூன்றாவது வாரம் பழைய ஸ்லைடுகளுக்கே திரும்பிவிடுவார்கள்.

பல்கலைக்கழக ஆசிரியர்கள் தங்கள் கற்பித்தலை மேம்படுத்தத் துணைநிற்பது என் வேலை. பல வருடம் இதைச் செய்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: முதல் நாள் பயிற்சி கொடுக்க எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறார்கள். மூன்றாவது வாரம், முயற்சி சொதப்பும்போது, பக்கத்தில் உட்கார யாரும் இருப்பதில்லை. நிறுவனங்கள் பணமும் நேரமும் செலவழிப்பது பெரும்பாலும் முதல் நாளுக்குத்தான். ஆசிரியர் மாறுவதோ மாறாமல் போவதோ அந்த மூன்றாவது வாரத்தில்தான் தீர்மானமாகிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வெப்ப இயக்கவியல் எடுப்பவர், ஆராய்ச்சியில் நல்ல பெயர். பயிலரங்கில் கற்றுக்கொண்ட ஒரு முறையைத் தன் வகுப்பில் கொண்டுவந்தார். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990-களில் பரவலாக்கிய முறை அது. பாடத்தின் நடுவே கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மாணவர்கள் தனித்தனியாக யோசித்து விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துவிட்டு மறுபடி விடை சொல்ல வேண்டும். மசூர் இதற்கு வந்த வழியும் கவனிக்க வேண்டியது. அவருக்கு மாணவர்கள் நல்ல மதிப்பீடு கொடுத்துவந்தார்கள், சிக்கலான கணக்குகளையும் போட்டார்கள். ஆனால் நியூட்டன் விதிகளைப் பற்றி எளிய சொற்களில் கேட்டபோது பலர் தடுமாறினார்கள். நன்றாகப் பாடம் நடத்துகிறோம் என்று நம்பியிருந்தவருக்கு அது பெரிய அதிர்ச்சி.

நம் பேராசிரியர் முதல் வாரம் கேட்ட கேள்வி எல்லோருக்கும் விடை தெரிந்த கேள்வி. விவாதிக்க அதில் ஒன்றுமில்லை, வகுப்பு சலசலத்து அடங்கியது. இரண்டாவது வாரம் நல்ல கேள்வி: இரவு முழுக்க ஒரே அறையில் கிடந்த இரும்புத் துண்டு, மரத்துண்டு இரண்டில் எதன் வெப்பநிலை குறைவு? தொட்டால் இரும்புதான் சில்லென்று இருக்கும், அதனால் பெரும்பாலானோர் இரும்பு என்றார்கள். (இரண்டும் ஒரே வெப்பநிலைதான். இரும்பு கையின் சூட்டை வேகமாகக் கடத்துகிறது, அவ்வளவே.) விவாதம் பற்றிக்கொள்ள வேண்டிய இடம் அது. ஆனால் அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை, அரை நிமிடத்தில் அவரே விடையைச் சொல்லிவிட்டார். மூன்றாவது வாரம் துறைத்தலைவரிடம் புகார் போனது. 'பாடமே நடத்துவதில்லை, எங்களையே பேசச் சொல்கிறார்' என்று.

என்னைப் பார்க்க வந்தபோது அவர் அதை விட்டுவிடும் முடிவில் இருந்தார். நான் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரலாமா?"

வகுப்புக்குப் போய் உட்காரும்போது நான் ஆசிரியரை மதிப்பிடுவதில்லை. கடிகாரத்தைப் பார்த்து, நடப்பதை மட்டும் குறிப்பேன். 10.12-க்குக் கேள்வி. 10.12-க்கே ஆசிரியரின் விடை. 10.20-லிருந்து பின் வரிசையில் யாரும் எழுதவில்லை. 10.31-க்கு ஒரு மாணவி கையை உயர்த்தி, கவனிக்கப்படாமல் இறக்கிவிட்டாள். அன்று அவர் பதினான்கு கேள்விகள் கேட்டிருந்தார். பெரும்பாலானவற்றுக்கு இரண்டு நொடிகூடக் காத்திருக்கவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. "நான் காத்திருந்ததாகத்தான் நினைத்தேன்" என்றார் பிறகு.

இது அவருடைய குறை மட்டுமல்ல. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் பள்ளி வகுப்பறைகளில் இதை அளந்து 1970-களில் எழுதினார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியோ அதற்கு மேலோ ஆக்கியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, மற்ற நேரம் வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பல்கலைக்கழகத்திலும் நான் பார்ப்பது அதேதான். கரும்பலகைக்கு முன்னால் நிற்பவருக்கு மூன்று நொடி அமைதி முப்பது நொடி போலத் தோன்றும்.

நாங்கள் இரண்டே விஷயங்களை மாற்றினோம். கேள்வி கேட்ட பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவது. முதல் முறை விடை கேட்கும்போது, வகுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை சரியாகச் சொன்னால் மட்டும் விவாதத்துக்கு விடுவது. அதற்குக் குறைந்தால் கருத்தையே மறுபடி விளக்க வேண்டும், கூடினால் மேலே போகலாம். வேறு எதையும் தொடவில்லை. ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடத்தில் ஒன்றிரண்டு மாற்றம் போதும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வீடியோ, குழு, புது மதிப்பெண் முறை என்று எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் இறக்கியவர்கள் எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மாணவர்களின் புகாருக்கு வருவோம். அதை அலட்சியப்படுத்தக் கூடாது, அப்படியே நம்பியும் விடக் கூடாது. 2019-ல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. ஒரே பாடத்தை ஒரு குழுவுக்குத் தெளிவான விரிவுரையாகவும் இன்னொரு குழுவுக்கு மாணவர்களே கணக்கைப் போட்டு விவாதிக்கும் வகுப்பாகவும் நடத்தினார்கள். தேர்வில் இரண்டாவது குழு நன்றாகச் செய்தது. ஆனால் அவர்களைக் கேட்டால், தாங்கள் குறைவாகக் கற்றதாகச் சொன்னார்கள். மூளை திணறுவதை 'புரியவில்லை' என்று எடுத்துக்கொள்கிறோம். சரளமான விரிவுரையைக் கேட்பதை 'புரிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறோம். அதனால் முறையை மாற்றும் ஆசிரியர் ஏன் மாற்றுகிறார் என்பதை முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். நம் பேராசிரியர் அதைச் சொல்லியிருக்கவில்லை. நான்காவது வாரம் சொன்னார், மேலும் புகார் வரவில்லை.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் இங்கே ஒன்று கேட்கிறேன். புது முறையை முயலும் ஆசிரியரின் மாணவர் மதிப்பீடு முதல் ஒன்றிரண்டு செமஸ்டர் சரியலாம். அந்த எண்களைப் பதவி உயர்வுக் கோப்பில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், துணிந்தவருக்கு அபராதமும் பத்து வருடமாக அதே ஸ்லைடைப் போடுபவருக்குப் பரிசும் கொடுத்ததாக ஆகும். முயற்சிக்குப் பலன் இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால், 2014-ல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று உண்டு. வெறும் விரிவுரை வகுப்புகளில் நூற்றுக்கு 34 பேர் அளவில் தோற்றார்கள், மாணவர்கள் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 22 பேர் அளவில். நூறு பேர் படிக்கும் ஒரு பாடத்தில் அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு துறைத்தலைவர் என்னிடம் பேச்சுவாக்கில் கேட்டார், "எங்கள் ஆட்கள் எப்படி?" நல்லதுதானே என்று ஓர் ஆசிரியர் பெயரைச் சொல்லி, "அவர் வகுப்பு இப்போது நன்றாக முன்னேறியிருக்கிறது" என்றேன். முன்னேறியிருக்கிறது என்றால் முன்பு மோசமாக இருந்தது என்று அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த துறைக்கூட்டத்தில் அது வேறு விதமாக வெளிவந்தது. அந்த ஆசிரியர் என்னிடம் கோபப்படவில்லை. வருவதை நிறுத்திவிட்டார். அவருடைய நண்பர்கள் இருவரும் நிறுத்திவிட்டார்கள். அந்தத் துறையிலிருந்து மறுபடி ஒருவர் என் அறைக்கு வர இரண்டு வருடம் ஆனது.

அன்றிலிருந்து பாராட்டைக்கூட வெளியே சொல்வதில்லை. யார் என்னிடம் வந்தார்கள் என்பதையே சொல்வதில்லை. வகுப்பில் எடுத்த குறிப்பு ஆசிரியரின் சொத்து, அதை அவரிடமே கொடுத்துவிடுகிறேன், பிரதி வைத்துக்கொள்வதில்லை. எத்தனை பேருக்கு உதவினோம் என்ற எண்ணிக்கையை நிர்வாகத்துக்குக் கொடுப்போம், பெயரைக் கொடுக்க மாட்டோம். உதவி செய்பவரும் மதிப்பிடுபவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. தன் மோசமான வகுப்பைக் காட்டத் துணியாத ஆசிரியருக்கு நான் எதைச் சொல்லி உதவ முடியும்?

நான் மிகவும் நம்பும் இன்னொரு கருவி, செமஸ்டரின் நடுவில் கருத்துக் கேட்பது. செமஸ்டர் முடிந்த பிறகு நிரப்பும் படிவத்தால் அதை நிரப்பியவருக்குப் பயனில்லை. நாங்கள் ஐந்தாவது வாரம் வாக்கில் போவோம். ஆசிரியர் அரை மணி நேரம் வெளியே இருப்பார். மாணவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுவார்கள்: எது நீங்கள் கற்க உதவுகிறது, எது தடுக்கிறது, எதை எப்படி மாற்றலாம். பிறகு எல்லாவற்றையும் பொதுவில் பேசி, பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வதை மட்டும் எடுத்துக்கொள்வோம். தனியாக எழுதும்போது கொட்டும் கோபம் குழுவில் தானாகவே வடிகட்டப்படும்.

இதில் ஆசிரியர் செய்ய வேண்டியது அடுத்த வகுப்பில் வருகிறது. 'நீங்கள் சொன்னதில் இதை மாற்றுகிறேன், இதை இந்தக் காரணத்தால் மாற்ற முடியாது' என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். கேட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்தால் கேட்காமலே இருந்திருக்கலாம்.

என் பாடத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாடப்பொருளில் நான் வாய் திறப்பதில்லை. ஆனால் எனக்குத் தெரியாதது சில நேரம் உதவுகிறது. ஓர் ஆசிரியர் ஒரு நிரூபணத்தில் 'இங்கிருந்து இது வரும்' என்று ஒரு வரியில் தாண்டியபோது எனக்குப் புரியவில்லை. வகுப்புக்குப் பிறகு கேட்டேன். விளக்கத் தொடங்கியவர் ஐந்து படிகள் எழுதினார். இருபது வருடப் பழக்கத்தில் அந்த ஐந்தும் அவருக்கு ஒன்றாகியிருந்தன. பிஎச்.டி. பட்டம் ஒருவரை ஆராய்ச்சிக்குத்தான் தயார்படுத்துகிறது. தனக்குக் கைவந்ததை மறுபடி பிரித்துக் காட்டும் கலையை அவருக்கு யாரும் கற்றுத்தருவதில்லை.

புதிய திரை, புதிய மென்பொருள் வாங்குவதைக் கற்பித்தல் புதுமை என்று அறிக்கையில் எழுதுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை வேண்டும்தான். ஆனால் ஆசிரியருக்குக் குறைவாக இருப்பது நேரம். ஒரு விரிவுரையை ஈடுபாட்டு வகுப்பாக மாற்றும் முதல் முறை, தயாரிப்பு வேலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறது. அந்த செமஸ்டர் ஒரு பாடத்தைக் குறைத்துக் கொடுப்பது, விலையுயர்ந்த திரையைவிட அவருக்குப் பெரிய உதவி.

ஆசிரியர்களின் கற்பித்தலுக்குத் துணைநிற்கவென்றே ஒரு மையம் வைப்பதைப் புதிய மோகம் என்று நினைப்பவர்களும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962-லேயே அதைத் தொடங்கிவிட்டது. உங்கள் நிறுவனத்தில் மையம் இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். வேறு துறையில் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரைத் தேடுங்கள், அதே துறை வேண்டாம். செமஸ்டரில் மூன்று முறை அவர் உங்கள் வகுப்புக்கு வரட்டும், மூன்று முறை நீங்கள் அவர் வகுப்புக்குப் போங்கள். வகுப்பு முடிந்த அன்றே அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். நாள் தள்ளினால் இருவருக்கும் மறந்துவிடும். கருத்து சொல்வதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் முறை ஒன்றை மட்டும் எழுதித்தரச் சொல்லுங்கள்: ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் நீங்கள் எத்தனை நொடி காத்திருந்தீர்கள் என்பதை.