அடிபட்ட முட்டியை எப்படிப் பரிசோதிக்கிறார்கள்?

ஓடிக்கொண்டிருந்த வீரர் திடீரெனத் திரும்புகிறார், பாதம் தரையிலேயே நிற்க உடம்பு மட்டும் சுழல்கிறது, முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். சுற்றி நிற்பவர்கள் உடனே சொல்வது "எம்.ஆர்.ஐ. எடுங்க" என்பதுதான். ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அனுபவமுள்ள ஒரு மருத்துவரோ பிசியோவோ நான்கைந்து கேள்விகளாலும் இரண்டு கைகளாலும் கண்டுபிடிக்கக்கூடியது நாம் நினைப்பதைவிட மிக அதிகம், அதைத் தாண்டி நேராக ஸ்கேனுக்கு ஓடுவதால் சில சமயம் தவறான இடத்தில் போய் நிற்கிறோம்.

முதல் கேள்வி, எப்படி அடிபட்டது. இன்னொருவர் மோதாமலே, தரையிறங்கும்போதோ திசை மாற்றும்போதோ போனதென்றால் கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துவைக்கும் முன் சிலுவை ஜவ்வு, அதாவது விளையாட்டு வட்டாரத்தில் எல்லோரும் ஏ.சி.எல். என்று சொல்வது, அதன் மேல்தான் முதல் சந்தேகம். அந்த ஜவ்வு அறுவதில் பெரும்பகுதி யாரும் மோதாமல் நடப்பதுதான். 'டப்' என்று சத்தம் கேட்டதா, உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்ததா என்றும் கேட்பார்கள்.

அடுத்த கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் எனக்கு இதுதான் மிக முக்கியமானதாகப் படுகிறது: வீக்கம் எப்போது வந்தது? இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்து போல வீங்கிவிட்டால் உள்ளே கசிவது பெரும்பாலும் ரத்தம். ஏ.சி.எல்.லுக்குள் ரத்தக்குழாய்கள் உண்டு, அறுந்தால் மூட்டுக்குள் ரத்தம் கொட்டும். எலும்பில் விரிசல் விழுந்தாலும், முட்டிச் சில்லு இடம் விலகினாலும் இதே வேகம்தான். மெனிஸ்கஸ் அப்படியல்ல. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே கிடக்கும் அந்தக் குருத்தெலும்பு வில்லைகளின் உட்பகுதிக்கு ரத்த ஓட்டமே கிடையாது, அதனால் கிழிந்தால் மூட்டு எரிச்சலடைந்து நீர் மெல்ல ஊறி, பெரும்பாலும் மறுநாள்தான் வீக்கம் தெரியும்.

கை வைப்பதற்கு முன் விலக்கவேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது. முட்டி மூட்டு முழுவதுமாக இடம் பெயர்ந்து, ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கலாம், பார்த்தால் வெறும் வீக்கம்தான் தெரியும். ஆனால் முட்டிக்குப் பின்னால் ஓடும் தமனி கிழிந்திருந்து கவனிக்காமல் விட்டால் காலே போய்விடலாம். அதனால் பாதத்தில் நாடி துடிக்கிறதா என்றும், நரம்புக்காக, பாதத்தை மேலே தூக்க முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்து, அது 0.9-க்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாயை உடனடியாக ஆராயவேண்டும்.

சரி, இனி கை. எப்போதும் நல்ல காலில்தான் தொடங்கவேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டு தளர்ந்திருக்கும், அவர்களுக்கு எது இயல்பு என்பதை அந்த இன்னொரு முட்டிதான் சொல்லும்.

ஏ.சி.எல்.லுக்கு மிக நம்பகமான கைப் பரிசோதனை லாக்மன் சோதனை. பிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் லாக்மனின் பெயர் அது, 1976-ல் ஜோசப் டோர்க் அதை எழுத்தில் கொண்டுவந்தார். முட்டியை 20 முதல் 30 டிகிரி மட்டும் மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறு கையால் கீழ்க்காலின் மேற்பகுதியை முன்னோக்கி இழுப்பார்கள். எவ்வளவு நகர்கிறது என்பது ஒன்று, எப்படி நிற்கிறது என்பது அதைவிட முக்கியம். ஜவ்வு முழுசாக இருந்தால் தளர்ந்த கயிறு சட்டென்று விறைத்து நிற்பது போல ஒரு முடிவு கைக்குத் தட்டுப்படும். அறுந்திருந்தால் அந்த முடிவே வராது, மெத்தென்று போய்க்கொண்டே இருக்கும். கருவி வைத்து அளந்தால் இரண்டு முட்டிகளுக்கும் இடையே 3 மில்லிமீட்டர் வித்தியாசமே சந்தேகத்துக்குப் போதும்.

இதற்கு முன்பு 90 டிகிரி மடக்கி இழுக்கும் சோதனையைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதில் சிக்கல், வீங்கிய முட்டி அவ்வளவு மடங்காது, மடங்கினாலும் வலிக்குப் பயந்து தொடையின் பின்தசை இறுகி எலும்பைப் பின்னாலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். ஜவ்வு அறுந்திருந்தும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். இன்னொரு பொறியும் உண்டு. பின் சிலுவை ஜவ்வு அறுந்தவர்களுக்குக் கீழ்க்கால் எலும்பு ஏற்கெனவே பின்னால் சரிந்திருக்கும், அதை இழுத்தால் இயல்பான இடத்துக்குத்தான் வரும், ஆனால் நம் கைக்கு முன்னால் நகர்வது போலத் தெரிந்து ஏ.சி.எல். போய்விட்டதென்று முடிவுகட்டிவிடுவோம். அதனால்தான் இழுப்பதற்கு முன், இரண்டு முட்டிகளையும் மடக்கிவைத்துப் பக்கவாட்டிலிருந்து ஒரு பார்வை பார்க்கவேண்டும்.

பக்க ஜவ்வுகளின் சோதனையில் உள்ள தர்க்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். முட்டியின் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி அழுத்தினால் உள்பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பார்கள், முதலில் 30 டிகிரி மடக்கி, பிறகு நேராக நீட்டி. லேசாக மடங்கியிருக்கும்போது அந்த இடத்தைத் தாங்குவது பெரும்பாலும் உள்பக்க ஜவ்வு மட்டும்தான். நீட்டியதும் பின்பக்க மூட்டுறையும் சிலுவை ஜவ்வுகளும் சேர்ந்து பிடிக்கும். மடக்கும்போது மட்டும் திறந்தால் காயம் உள்பக்க ஜவ்வோடு நின்றது, நீட்டியும் திறந்தால் உள்ளே இன்னும் பெரிய சேதம் இருக்கிறது.

மெனிஸ்கஸ் விஷயத்தில் கை இவ்வளவு திறமைசாலி இல்லை. மூட்டுக் கோட்டில் விரலால் அழுத்தி வலியைத் தேடுவார்கள், மெக்மரே சோதனையில் முட்டியை மடக்கித் திருகிக்கொண்டே நீட்டுவார்கள், எதுவும் தனியாக நின்று சாட்சி சொல்லாது. ஆனால் முட்டி பூட்டிக்கொண்டு முழுதாக நீட்டவே முடியவில்லை என்றால், கிழிந்த துண்டு நடுவில் மாட்டியிருக்கலாம், அதைத் தள்ளிப்போடக்கூடாது.

எக்ஸ்ரே எல்லோருக்கும் தேவையில்லை. கனடாவில் இயன் ஸ்டீல் குழு 1995-ல் வெளியிட்ட ஒட்டாவா விதிகளின்படி வயது 55 அல்லது அதற்கு மேல், முட்டிச் சில்லில் மட்டும் வலி, கீழ்க்காலின் வெளிப்பக்கச் சிற்றெலும்பின் தலையில் வலி, 90 டிகிரி மடக்க முடியாமை, நான்கு காலடி எடுத்துவைக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலே எடுக்கவேண்டும்.

எம்.ஆர்.ஐ.க்கு வருவோம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 50 முதல் 90 வயதுள்ள 991 பேரைப் படமெடுத்த ஆய்வு 2008-ல் வெளியானது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முட்டியில் எந்தத் தொந்தரவும் இல்லை. அவர்கள் இளம் வீரர்கள் அல்ல, உண்மைதான், ஆனாலும் படத்தில் தெரியும் கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்பதைக் கையும் கதையும் உறுதி செய்யாமல் ஏற்கக்கூடாது.

அடிபட்ட அன்று வீக்கமும் வலியும் பரிசோதனையைக் குழப்பும், அதனால் சில நாள் கழித்து வீக்கம் வடிந்ததும் மறுபடி பார்ப்பது நல்லது. ஏ.சி.எல்.லுக்கான பிவட் ஷிப்ட் என்ற சோதனைக்கு அதுவும் போதாது. காலைத் திருகி அழுத்தியபடி மடக்கும்போது, முன்னால் நழுவிய எலும்பு சட்டென்று பின்னால் விழுவதைப் பார்ப்பது அது, வீரர் மைதானத்தில் "முட்டி விட்டுப்போச்சு" என்று சொன்ன அதே அசைவு. விழித்திருப்பவர் அதைச் செய்ய விடமாட்டார், தசைகள் தானாக இறுகிவிடும். ஆகவே அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்த பிறகு, கருவிகளை எடுப்பதற்கு முன், மருத்துவர் முட்டியைக் கையில் எடுத்து இன்னொரு முறை சோதிப்பார்.