“வெறும் காபிதானே டாக்டர்?”

மூலத்துக்கு ஆபரேஷன். நாற்பது வயதுக்காரர், சுகர் இல்லை, பிரஷர் இல்லை. வார்டில் சிஸ்டர் கேட்டபோது எதுவும் சாப்பிடவில்லை என்றார். தியேட்டர் வாசலில், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரான நான் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். மேசையில் படுக்கவைத்து, ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்துக்கொண்டு குனிந்தால் கம்மென்று டிகாக்‌ஷன் வாசம். மீசை ஓரத்தில் நுரை காய்ந்த கோடு வேறு.

“அண்ணே, காபி குடிச்சீங்களா?”

“வெறும் காபிதான் டாக்டர். சாப்பாடு எதுவும் தொடலை.”

குடித்தது 7 மணிக்கு. அப்போது மணி 8.30. இறக்கி வார்டுக்கு அனுப்பிவிட்டோம். ஒரு டம்ளர் காபிக்கு இவ்வளவு அலட்டலா என்று வெளியே அவருடைய மச்சான் ஒரே சத்தம். இந்த மாதத்தில் இப்படி வந்த முதல் ஆளும் அவர் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் காபியைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அமாவாசை விரதம் இருப்பவர்கள்கூட காலையில் காபி குடித்துவிட்டுத்தான் விரதம் என்பார்கள். சாமி மன்னிக்கலாம், நுரையீரல் மன்னிக்காது. சிக்கல் டிகாக்‌ஷனில் இல்லை, பாலில் இருக்கிறது. வயிற்று அமிலம் பட்டதும் பால் திரிந்து கட்டியாகிவிடும். டம்ளரில் இருக்கும்போதுதான் அது திரவம், உள்ளே போனால் டிபன் மாதிரிதான். அரை டம்ளரும் அப்படித்தான், ‘ரெண்டு வாயும்’ அப்படித்தான். ஹார்லிக்ஸ், பூஸ்ட், ராகிக் கஞ்சி, மோர் எல்லாம் அதே கணக்கு.

மயக்கம் கொடுப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்பே எதை நிறுத்த வேண்டும் என்ற கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பால், பால் கலந்த எதுவும், இட்லி மாதிரி லேசான உணவு: 6 மணி நேரம். பூரி, வடை, பிரியாணி: 8 மணி நேரம். குழந்தைக்குத் தாய்ப்பால்: 4 மணி நேரம். வெறும் தண்ணீர், பால் கலக்காத டீ: 2 மணி நேரம். சுகர் பல வருடமாக இருப்பவர்களுக்கு வயிறு மெதுவாகத்தான் காலியாகும். அவர்களுக்கு இந்த நேரத்தை டாக்டர் கூட்டிச் சொல்லலாம்.

மயக்கத்தில் இருப்பவருக்கு இருமத் தெரியாது. வயிற்றில் இருப்பது மேலே வந்தால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். 1946-லேயே மெண்டல்சன் என்ற நியூயார்க் மகப்பேறு மருத்துவர் இதை எழுதிவிட்டார். 44,016 பிரசவங்களைப் பார்த்ததில், மயக்கத்தின்போது 66 பெண்களுக்கு இப்படி ஆகியிருந்தது. இன்று அவ்வளவு நடப்பதில்லை. பட்டினி போடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

“சின்ன ஆபரேஷன்தானே?” என்பது அடுத்த கேள்வி. கட்டி சின்னது, தையல் சின்னது, சரி. அதற்காக மயக்கம் சின்னதாகிவிடாது. “முதுகில்தானே ஊசி, நான் முழிச்சுட்டுதானே இருப்பேன்?” என்றும் கேட்கிறார்கள். முதுகில் போட்ட மருந்தில் பிரஷர் இறங்கினால் முதலில் வருவதே வாந்திதான். சில சமயம் அந்த மருந்து போதாமல் முழு மயக்கத்துக்கு மாற வேண்டியிருக்கும். அப்போது போய் காபியை நினைத்து என்ன பிரயோஜனம்? (முதுகு ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்பவர்களுக்கு இன்னொரு நாள் பதில் சொல்கிறேன்.)

ஒரு பாட்டி எதுவுமே சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தார். உண்மைதான். வாயைத் திறக்கச் சொன்னால் கடைவாயில் பாக்கு! வெற்றிலை பாக்கு, பபுள்கம், ஆடும் பல், பல்செட் எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்ட குழந்தையை மறுநாள் மதியம்வரை தண்ணீர்கூடக் கொடுக்காமல் அழவிடுகிறார்கள். இதில் ஆஸ்பத்திரிக்காரர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. ‘12 மணிக்கு மேல் எதுவும் கூடாது’ என்று எல்லோருக்கும் ஒரே சீட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஆபரேஷன் எத்தனை மணிக்கு, தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்று முதல் நாளே கேளுங்கள். “அதான் குளுக்கோஸ் ஏத்துறாங்களே” என்று சமாதானம் ஆகாதீர்கள். அரை லிட்டர் 5% குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, இரண்டு இட்லிக்குத் தாண்டாது.

மாத்திரை விஷயம். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சுகர் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், கேளுங்கள். எடை குறைக்க ஊசி போடுகிறீர்கள் என்றால் வீட்டில் மறைத்தாலும் எங்களிடம் மறைக்காதீர்கள், அதுவும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நெயில் பாலிஷைச் சுரண்டிவிட்டு வாருங்கள், விரலில்தான் ஆக்சிஜன் அளவு பார்க்கிறோம்.

சாப்பிட்டுவிட்டீர்களா? சொல்லிவிடுங்கள். யாரும் அடிக்க மாட்டோம். அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் சில மணி நேரமோ ஒரு நாளோ தள்ளிப்போகும். அவசரம் என்றால் வயிறு நிறைந்தவருக்கு மயக்கம் கொடுக்கும் முறை வேறு, அதற்கேற்பத் தயாராவோம். எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், உடன் வரும் சொந்தக்காரர்களே. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் “வாய் காயுதே, பாவம்” என்று கேன்டீனுக்கு ஓடாதீர்கள். கண்ணைத் திறந்து பெயரைச் சொல்லிவிட்டார் என்பதால் மயக்கம் முழுக்கத் தெளிந்துவிட்டது என்று ஆகாது. முதல் வாய்த் தண்ணீர் எப்போது என்று சிஸ்டர் சொல்வார், அதுவரை அந்த ஃபிளாஸ்க் மூடியே இருக்கட்டும்.