மழை விட்டதும் வீடு திரும்பாதீர்கள்

போன வாரம் மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட்டில் ஒரு வீட்டுச் சமையலறையில் முழங்கால் அளவு சேற்றில் நின்றேன். பின்பக்க மேடு இரவோடு இரவாகச் சரிந்து உள்ளே வந்திருந்தது. மூன்று நாள் மழைக்குப் பயந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போன குடும்பம், "மழைதான் விட்டாச்சே" என்று அன்று மதியம்தான் திரும்பியிருக்கிறது. முன்னறையில் படுத்ததால் பிழைத்தார்கள். மலைச்சரிவுப் பொறியாளராக இந்த ஒரு வார்த்தையை இன்னும் எத்தனை வீட்டில் கேட்பேனோ!

வானம் வெளுத்த பிறகும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கேமரன் மலையில் கருங்கல் பாறை மக்கி உண்டான மண், பல மீட்டர் ஆழத்துக்குப் போகும். கொடியில் துணி காய்கிற நாளில்கூட அடியில் நீர் ஏறிக்கொண்டிருக்கலாம். மண் கனக்கும், பிடிமானம் தளரும், அப்புறம் ஒரு நொடி போதும். 2022 டிசம்பர் 16 அதிகாலை சிலாங்கூர் பத்தாங்காலியில் முகாம் போட்டுத் தூங்கியவர்களில் 31 பேர் மண்சரிவில் இறந்துபோனார்களே, அன்றிரவு பெருமழை இல்லை. அதற்கு முன் நாள்கணக்கில் பெய்த மழைதான் காரணம். அந்தச் சரிவில் மரங்களும் இருந்தன. "மரம் இருக்கு, வேர் பிடிச்சுக்கும்" என்பவர்களுக்காகச் சொல்கிறேன்: சரிவு வேருக்குக் கீழே அறுந்தால் மரமும் சேர்ந்தே வரும்.

அந்த வீட்டுத் தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியும் குழாய் ஓட்டைகள் ஆறு. நான்கில் பழைய துணி அடைத்திருந்தது. "பாம்பு வருது தம்பி" என்றார் அம்மா. ஓட்டைக்கு வெளியே கம்பிவலை கட்டுங்கள் அம்மா, துணி அடைக்கவே அடைக்காதீர்கள். சுவருக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர்தான் சுவரையே தள்ளும்.

மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், திடீரென்று இறுகிப்போன கதவு, சரிவிலிருந்து கசியும் கலங்கிய தண்ணீர், இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் கிளம்புங்கள். வெடிப்பில் சிமெண்ட் பூசிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்! தண்ணீர் இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூடி, கவுன்சிலுக்குச் சொல்லுங்கள். சரிவு நகர்ந்தாலோ, உறுமல் சத்தம் கேட்டாலோ சாமான் எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் ஓடுங்கள். பிறகு அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

திரும்புவது எப்போது? சரிவைப் பார்த்தவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான். போக்கிடமே இல்லை என்றால், தயவுசெய்து மேட்டுப்பக்க அறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள், முக்கியமாகப் பாட்டியையும் பிள்ளைகளையும்.