காய்கறியைக் கூட்டினால் வயிறு ஏன் ஊதுகிறது?

இனிமேல் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்று ஒருநாள் தோன்றும். அன்று மதியமே தட்டில் பாதிக்கு முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், பச்சை வெங்காயம். சாயங்காலம் வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிடும். "எனக்குக் காய்கறி ஒத்துக்காது" என்று மறுநாளே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியவர்களில் நானும் ஒருவன். ஒத்துக்கொள்ளாதது காய்கறி இல்லை, நான் போன வேகம் என்று புரிவதற்குக் கொஞ்ச காலம் ஆனது.

நம் நொதிகளுக்கு மாவுச்சத்தை உடைக்கத் தெரியும், புரதத்தை உடைக்கத் தெரியும். காய்கறியின் செல் சுவரில் உள்ள செல்லுலோஸ் முன்னால் அவை கைவிரித்துவிடும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் அப்படித்தான். முட்டைக்கோஸிலும் பருப்பு வகைகளிலும் ராஃபினோஸ் என்று ஒரு சர்க்கரை உண்டு. அதை உடைக்க ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி வேண்டும். மனிதச் சிறுகுடல் அதைச் சுரப்பதே இல்லை. ஆக, இவையெல்லாம் சிறுகுடல் முழுவதையும் கடந்து, செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கின்றன.

அங்கே பசியோடு ஒரு பெருங்கூட்டம் காத்திருக்கிறது. நம் உடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்பது 2016-இல் வெளியான ஒரு கணக்கு. அவற்றில் பெரும்பகுதி வசிப்பது பெருங்குடலில்தான். வந்து விழுந்ததை அவை நொதிக்க வைக்கின்றன. அதில் கிடைக்கும் பியூட்ரேட் என்ற அமிலம் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான உணவு. கூடவே ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கிளம்புகின்றன.

கிளம்பிய வாயு எல்லாம் அப்படியே தங்கிவிடுவதும் இல்லை. ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாக வெளியேறும். மூச்சில் ஹைட்ரஜனை அளந்து குடலைப் பரிசோதிப்பது இதை வைத்துத்தான். இன்னொரு பகுதியை வேறு நுண்ணுயிரிகள் தின்றுவிடும். சிலரின் குடலில் இருக்கும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள், நான்கு பங்கு ஹைட்ரஜனையும் ஒரு பங்கு கரியமில வாயுவையும் சேர்த்து ஒரே ஒரு பங்கு மீத்தேனாக மாற்றுகின்றன. ஐந்து, ஒன்றாகச் சுருங்குகிறது! வாயுவை உண்டாக்குபவர்கள் எத்தனை பேர், தின்பவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே நம் வயிற்றின் நிலவரம். ஒரே தட்டில் சாப்பிட்ட இருவரில் ஒருவர் மட்டும் நெளிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு வாயு இயல்பு? 1991-இல் ஆரோக்கியமான 10 பேரிடம் அளந்து பார்த்தார்கள். வழக்கமான சாப்பாட்டோடு 200 கிராம் வேகவைத்த பீன்ஸ் விதையும் சாப்பிட்டவர்களுக்கு ஒரு நாளில் 476 முதல் 1,491 மில்லிலிட்டர் வரை வெளியேறியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இல்லை, யார் என்ன சொன்னாலும் சரி.

அளவு மட்டுமே வலிக்குக் காரணம் என்றும் சொல்ல முடியாது. சாதாரணமாக வயிற்றுக்குள் வாயு கூடினால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் மேலே ஏறி இடம் விடும், முன்வயிற்றுத் தசைகள் இறுகும். சிலருக்கு இது தலைகீழாக நடக்கிறது: உதரவிதானம் கீழே அழுத்துகிறது, முன்வயிறு தளர்ந்து பானையாகத் தள்ளுகிறது. ஸ்கேன் செய்து பார்த்தால் உள்ளே வாயு ஒன்றும் பெரிதாகக் கூடியிருக்காது. இன்னும் சிலருக்குக் குடல் நரம்புகளே கூர்மையானவை. மற்றவர் கவனிக்காத சின்ன விரிவும் அவர்களுக்கு வலியாகத் தெரியும்.

இன்னொரு குழப்பம், நேரம். சாப்பிட்டது பெருங்குடலை எட்டவே சில மணி நேரம் ஆகும். மதியம் தின்ற முட்டைக்கோஸ் சாயங்காலம்தான் வேலையைக் காட்டும்; பாவம், பழி அப்போது குடித்த டீயின் மேல் விழும்.

சரி, என்ன செய்வது? பாக்டீரியாக் கூட்டத்துக்குப் பழக அவகாசம் கொடுப்பதுதான் முதல் வேலை. சாப்பாடு மாறினால் சில நாட்களிலேயே அந்தக் கூட்டத்தின் கலவையும் மாறத் தொடங்குகிறது. தினமும் பீன்ஸ் விதை சாப்பிட வைத்த சில ஆய்வுகளின் தொகுப்பு 2011-இல் வந்தது. முதல் வாரத்திலேயே பாதிக்கும் குறைவானவர்கள்தான் வாயு கூடியதாகச் சொன்னார்கள். வாரங்கள் போகப் போக அதுவும் குறைந்தது. அதனால் ஒரு கைப்பிடி கூட்டிவிட்டு, வயிறு அமைதியானதும் அடுத்த கைப்பிடி. பச்சையாக அள்ளுவதை விட வேகவைத்தது நல்லது. பருப்பு வகைகளை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் ராஃபினோஸில் ஒரு பங்கு அதோடு போய்விடும். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் வாசனை மட்டும் மிஞ்சும். நார்ச்சத்து கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் வந்து சேரும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடாத வாந்தி இவற்றில் ஏதாவது இருந்தால் காய்கறியைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ளவர்களுக்கு எளிதில் நொதிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் ஒரு உணவுமுறை உண்டு; ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. சில வாரம் அவற்றை நிறுத்திவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது தொல்லை தருகிறது என்று கண்டுபிடிப்பார்கள். நிறுத்தியது நன்றாக இருக்கிறதே என்று பலர் அப்படியே இருந்துவிடப் பார்க்கிறார்கள். ஆனால் ஃப்ரக்டானைத் தின்று வாழும் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியாக்கள் அந்தச் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கிவிடுகின்றன.