முன் பிரேக்கை நம்பி பைக்கை இறக்காதீர்கள்

பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வழியில் நின்றுபோன வண்டிகளைப் பிக்கப்பில் ஏற்றி வருவதும், வேலை முடிந்ததும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதும் என் பிழைப்பில் பாதி. இத்தனை வருடத்தில் எனக்குப் பட்ட பெரிய அடி ஒன்றுதான். அது பைக்கை இறக்கும்போது பட்டது.

190 கிலோ பைக். உதவிக்கு ஆள் இல்லை. இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், வலது கை முன் பிரேக்கில். பிக்கப்பிலிருந்து தரைக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் பின் சக்கரத்தை விட்டு மெதுவாகப் பின்னால் இறக்கிக்கொண்டிருந்தேன். முன் சக்கரமும் பலகைக்கு வந்ததும் வண்டி வேகம் பிடித்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. உருளாத சக்கரம் பலகைமேல் வழுக்கிக்கொண்டே போனது. ஹேண்டிலை விடாமல் நானும் கூடவே போய், கடைசியில் முழங்கால் மாட்டிக்கொண்டது. டேங்க் நசுங்கியதை ஒரு வாரத்தில் சரிசெய்துவிட்டேன். முழங்காலுக்கு இரண்டு மாதம் ஆனது.

பிரேக் நன்றாகத்தான் இருந்தது. தப்பு என் கணக்கில். சமதளத்தில் பைக்கின் எடை இரண்டு சக்கரத்துக்கும் ஏறத்தாழ சரிபாதியாகப் பிரியும். பின்பக்கம் தாழ்ந்து வண்டி சாய்வில் நிற்கும்போது பெரும்பகுதி எடை பின் சக்கரத்துக்குப் போய்விடும். முன் சக்கரம் லேசாகிவிடும். பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, சக்கரத்தைப் பலகையில் பிடித்துவைப்பது அதன்மேல் இருக்கும் எடை. அந்த எடை குறைந்தபின் லீவரை எவ்வளவு இறுக்கினாலும் பிரயோஜனமில்லை. சாய்வில் வண்டியைப் பிடித்து நிறுத்தக்கூடியது பின் சக்கரம் மட்டுமே.

பின் பிரேக் மிதி இருப்பதோ வலது பக்கம். நாம் நிற்பது சைடு ஸ்டாண்டு இருக்கும் இடது பக்கம். கால் எட்டாது. இதற்கு வழி கிளட்ச். இன்ஜினை ஆஃப் செய்து முதல் கியரில் போடுங்கள். கிளட்சைப் பிடித்தால் வண்டி நகரும், விட்டால் இன்ஜினின் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே அமுங்கும் காற்றின் எதிர்ப்பு, பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதாவது, இடது கையில் உங்களுக்கு ஒரு பின் பிரேக் இருக்கிறது, தலைகீழாக வேலை செய்யும் பிரேக். பதறினால் கை எதையும் இறுக்கத்தான் பார்க்கும். இங்கே இறுக்கினால் வண்டி ஓடும், விட்டால் நிற்கும். அதனால் முதலில் சமதளத்தில் பத்துத் தடவை செய்து பாருங்கள். தேய்ந்துபோன இன்ஜின் முழுசாகப் பிடிக்காமல் மெல்ல நழுவும். அதுவும் அப்போதே தெரிந்துவிடும். முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

ஸ்கூட்டரில் இந்த வித்தை பலிக்காது, தேவையும் இல்லை. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இடது கை லீவரே பின் பிரேக்தான். ஆனால் ஸ்கூட்டரை இன்ஜின் ஓட விட்டுக்கொண்டு ஏற்றுவது வேண்டாம். பிடிமானம் தவறும்போது கை ஹேண்டிலைத்தான் இறுக்கும். கூடவே ஆக்ஸிலேட்டரும் முறுகி, வண்டி கேபினில் போய் மோதும். மின்சார ஸ்கூட்டருக்கு இன்னும் கவனம் தேவை, ஆனில் இருப்பதே சத்தத்தில் தெரியாது. சாவியைத் திருப்பி ஆஃப் செய்தபிறகே தொடுங்கள்.

ரிப்பேர் வண்டிகளில் இன்னொரு சிக்கல். செயின் அறுந்திருந்தால் இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. கிளட்ச் கேபிள் அறுந்ததும் இப்படித்தான் உதவாது. அப்படிப்பட்ட வண்டியை நான் தனியாகத் தொடுவதில்லை. வலது பக்கம் இன்னொருவர் நின்று பின் பிரேக் மிதியைக் கையால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். குனிந்து நடக்க அவருக்குச் சிரமம்தான், வேறு வழியில்லை.

இப்போது பலகைக்கு வருவோம். மூன்று அடி உயரத்தில் இருக்கும் பிக்கப்பின் தட்டுக்கு ஆறு அடிப் பலகை போட்டால் சாய்வு 30 பாகை. 190 கிலோ வண்டியை அதில் தள்ள, பாதி எடையை, அதாவது 95 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். எட்டு அடிப் பலகையானால் சாய்வு 22 பாகை, பலம் 71 கிலோவாகக் குறையும். காசு செலவில்லாமல் சாய்வைக் குறைக்கவும் வழி உண்டு: பிக்கப்பின் பின் சக்கரங்களைச் சற்றுப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தி, பலகையின் கீழ்முனையை மேட்டில் வையுங்கள். நான் போன இடத்தில் பைக்கைப் பார்ப்பதற்கு முன்பே மேட்டைத்தான் தேடுவேன். சாய்வு அதிகமானால் இன்னொரு தொல்லையும் சேரும்; முன் சக்கரம் தட்டில் ஏறியபின் இன்ஜினின் அடிப்பாகம் பலகையின் மேல்முனையில் தட்டி, வண்டி ஊஞ்சல் மாதிரி நின்றுவிடும்.

பலகையைப் பிக்கப்போடு கட்டுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். இன்ஜின் பலத்தில் ஏற்றும்போது பின் சக்கரம் வண்டியை முன்னால் தள்ளுகிற அதே விசையில் பலகையைப் பின்னால் உதைக்கிறது. கட்டாத பலகை கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, முன் சக்கரம் மேலேயும் பின் சக்கரம் பலகையிலும் இருக்கும்போது விளிம்பை விட்டு விழும். கனமான கயிறு போதும், இரண்டு ஓரத்திலும் கட்ட வேண்டும். பிக்கப்புக்கு ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் போட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள். பின்கதவு எவ்வளவு எடை தாங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கதவைத் தாங்கும் சங்கிலியோ கேபிளோ துருப்பிடித்திருந்தால் அதன்மேல் பலகை போடாதீர்கள்.

பைக்குக்குப் பலகை போடுகிறோம், சரி. நமக்கு? பாதி ஏறியதும் ஹேண்டில் தலைக்கு மேலே போய்விடும். தரையில் நிற்பவருக்குக் கை எட்டாது. வண்டி கை மீறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பக்கத்தில் ஆள் ஏற இரண்டாவது பலகையோ, உறுதியான படியோ வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பைக்கில் உட்கார்ந்தபடியே ஓட்டி ஏற்றுகிறவர்களும் உண்டு. வண்டி நடுவில் நின்றால் காலூன்ற அவர்களுக்குத் தரை இருக்காது. காலுக்குக் கீழே மூன்றடி வெற்றிடம்தான்.

உதவிக்கு வருகிறவர் நேர்பின்னால் நின்று தள்ளக் கூடாது, வண்டி வந்தால் அவர்மேல்தான் வரும். பக்கவாட்டில் நின்று பின் கம்பியைப் பிடிக்கட்டும், சைலன்சரையும் செயினையும் தொடாமல். குரல் ஒருவருடையதாக மட்டுமே இருக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்திருப்பவர் “விடு” என்றால் விடு, “நில்லு” என்றால் நில்லு. சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பைக் மேலே போய்ச் சேரும்வரை அது எதுவும் காதில் விழ வேண்டாம். இவ்வளவுக்கும் பிறகு வண்டி சாய்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். தாங்கிப் பிடிக்கப் போகாதீர்கள். என் முழங்கால் இன்றும் மாடிப்படியில் சத்தம் போடுகிறது.

மேலே ஏற்றியபின் சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டுவது பலருக்கும் பழக்கம். ரோட்டுக் குலுக்கலில் ஸ்டாண்டு வளையும், கட்டும் தளரும். வண்டி நேராக நிற்க வேண்டும். முன் சக்கரம் கேபின் பக்கத்துச் சுவரில் முட்டி நிற்க வேண்டும். பெல்ட் நாலு: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன் பெல்ட்டை, ஃபோர்க்கை (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் குழாய்களை) மேலே தாங்கும் கிளாம்பில் போட்டு, இரண்டு பக்கமும் கீழ்நோக்கி, சற்று முன்நோக்கி இழுங்கள். ஃபோர்க் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கிவிட்டால் குலுக்கலை வாங்க இடமிருக்காது, ஆயில் சீலும் போகும். பெல்ட் பிரேக் ஹோஸ் மேலோ, வயர் மேலோ, சூடான சைலன்சர் மேலோ படக் கூடாது. சாதாரண நைலான் கயிறு இழுபடும், நனைந்தால் இன்னும் தளரும். எதில் கட்டினாலும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு தடவை நிறுத்தி இழுத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடக் குலுக்கலிலேயே கட்டு கொஞ்சம் இறங்கும்.

போய்ச் சேர்ந்ததும் அவிழ்க்கும் வரிசை முக்கியம். அமுங்கியிருக்கும் ஃபோர்க் அவிழ்த்தவுடன் எம்பும். சைடு ஸ்டாண்டைப் போட்டு, இடது பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ள, வலது பக்க பெல்ட்டுகளை முதலில் தளர்த்துங்கள். மிச்சமிருக்கும் இடது பெல்ட்டுகள் வண்டியை ஸ்டாண்டு பக்கமாகவே இழுக்கும். மாற்றிச் செய்தால் வலது பெல்ட் வண்டியை ஸ்டாண்டு இல்லாத பக்கத்துக்கு இழுத்துத் தள்ளிவிடும். எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் இடதை முதலில் அவிழ்த்தான். நல்லவேளை, அந்தப் பக்கம் பிக்கப்பின் பக்கச் சுவர் இருந்தது. கண்ணாடியோடு போனது.

அப்புறம் இறக்க வேண்டியதுதான். பலகை ஈரமா, டயரில் சேறா என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள். முதல் கியர், இன்ஜின் ஆஃப், கிளட்சை அரை அடிக்கு அரை அடி விட்டு விட்டு. கீழே வந்ததும் சைடு ஸ்டாண்டு. சாவியைக் கொடுக்கும்போது “வண்டி கியரில் இருக்கு, கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். ஒருமுறை சொல்ல மறந்து, வாடிக்கையாளர் பக்கத்தில் நின்றபடியே பட்டனை அமுக்க, வண்டி துள்ளி என் பிக்கப்பின் பம்பரிலேயே இடித்தது.